மழை விட்ட பிறகு எண்ண வேண்டிய நாட்கள்

வாசகர் கேள்வி:

பெரம்பலூர் மாவட்டத்தில் நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். போன வருஷம் விதைத்ததிலிருந்தே விட்டுவிட்டு நல்ல மழை. படைப்புழு அங்கங்கே தெரிந்ததோடு சரி. இந்த வருஷம் புரட்டாசி 14இல் விதைத்தேன். இருந்த ஈரத்தில் முளைத்து வந்தது, அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் மழையே இல்லை. 20ஆம் நாள் பார்த்தால் செடிக்குச் செடி ஓட்டை. 26ஆம் நாள் எமாமெக்டின் அடித்தேன், அன்று சாயங்காலமே மழை வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே மருந்தை மறுபடி அடித்தேன். புழு குறைந்த மாதிரி இருந்தது. கார்த்திகை பிறந்ததும் குருத்தில் மறுபடி புது ஓட்டைகள். பக்கத்துக் காட்டுக்காரர் கிணற்றுத் தண்ணீரை நம்பி ஆவணி 20இலேயே விதைத்தார், அவருக்கு இவ்வளவு சேதமில்லை. மழைக்கும் வெயிலுக்கும் இந்தப் பூச்சிக்கும் என்ன கணக்கு? வானிலை அறிக்கையைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? மாசியில் ஒரு ஏக்கர் இறவையில் மக்காச்சோளம் போடும் எண்ணமும் இருக்கிறது, போடலாமா?

பதில்:

தேதிகளைக் குறித்து வைத்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. உங்கள் காட்டில் நடந்ததை அந்தத் தேதிகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

படைப்புழுவின் அந்துப்பூச்சிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் கிடையாது. காற்றின் வெப்பம் எவ்வளவோ அந்த வேகத்தில்தான் முட்டை பொரிக்கும், புழு தின்னும், கூட்டுப்புழு பூச்சியாகும். தென்னாப்பிரிக்காவில் நிலையான வெப்பமுள்ள அறைகளில் இதை மக்காச்சோள இலை கொடுத்து வளர்த்துப் பார்த்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 12.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு டிகிரியும் ஒரு நாளைக்கு ஒரு அலகு என்று வைத்துக்கொண்டால், முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக வெளிவர சுமார் 390 அலகு சேர வேண்டும். 18 டிகிரியில் இதற்கு 71 நாள் ஆனது, 32 டிகிரியில் 20 நாள் போதுமாக இருந்தது. 26 முதல் 30 டிகிரி வரை அதற்கு மிக வசதியான வெப்பம்.

கணக்குப் போடுவது எளிது. பகலின் உச்ச வெப்பத்தையும் இரவின் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள், அதிலிருந்து 12.5ஐக் கழியுங்கள். ஐப்பசியில் பகல் 32, இரவு 24 என்றால் சராசரி 28, கழித்தால் 15.5. 390ஐ 15.5ஆல் வகுத்தால் 25 நாள். புரட்டாசிப் புழுக்கத்தில் சராசரி 29 இருக்கும்போது 23, 24 நாளில் முடியும். தை மாதக் குளிரில் சராசரி 25 ஆனால் 31 நாள் ஆகும். ஐப்பசிக் கணக்கில் அந்த 25 நாளைப் பிரித்தால் முட்டை இரண்டு மூன்று நாள், புழு 13 நாள், மண்ணுக்குள் கூட்டுப்புழு 10 நாள். வெளிவந்த பெண் பூச்சி இணைசேர்ந்து முட்டையிட இன்னும் மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்ளும். காட்டில் ஒரே நாளில் எல்லா முட்டையும் விழாது, தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் இரண்டு மூன்று நாள் முன்பின்னாக இருக்கும். ஆனாலும் பெரிய கூட்டம் எப்போது வரும் என்று இது காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது உங்கள் தேதிகளைப் பாருங்கள். பக்கத்துக் காடு ஆவணி 20, அதாவது செப்டம்பர் 5 வாக்கில் விதைப்பு. செப்டம்பர் 12, 13இல் இளங்குருத்துக்கு முதல் தாய்ப்பூச்சிகள் வந்து முட்டையிட்டிருக்கும். அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளம் அதிகமில்லை, பூச்சியும் குறைவு. அவருடைய சேதம் குறைந்ததற்கு அது ஒரு காரணம். தண்ணீர் பாய்ச்சியதால் செடி வேகமாக வளர்ந்து, கடிபட்ட இலைக்கு மேல் புது இலை தள்ளிக்கொண்டே போனது இன்னொரு காரணம். அங்கே வளர்ந்த புழுக்கள் மண்ணுக்குள் போய், அக்டோபர் 6 வாக்கில் பூச்சியாகி, 9, 10இல் முட்டையிடத் தயாராக இருந்தன. புரட்டாசி 14இல், அதாவது செப்டம்பர் 30இல், நீங்கள் விதைத்த பயிர் அப்போது முளைத்து ஐந்து நாள் ஆன இளங்கன்று. ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும், ஒரு குவியலில் நூறு முதல் இருநூறு இருக்கும். அவர் காட்டில் ஒன்றாக இருந்தது உங்கள் காட்டுக்கு வரும்போது எத்தனையாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் மேல் குற்றமில்லை. ஊரில் விதைப்பு ஒன்றரை மாதம் நீண்டு போனால் பின்னால் விதைப்பவர்தான் எப்போதும் சுமக்க வேண்டியிருக்கும்.

மருந்து ஏன் எடுபடவில்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. அக்டோபர் 12இல் பொரித்த புழு 25ஆம் தேதி வாக்கில் முற்றி, மண்ணில் இறங்கத் தயாராகிவிடும். நீங்கள் அடித்தது 26ஆம் நாள், தேதியும் அக்டோபர் 26. அன்று மாலை மழை பெய்தது ஒரு காரணம்தான், பெரிய காரணம் அதுவல்ல. முற்றிய புழு குருத்தின் அடியில், ஈர மரத்தூள் மாதிரித் தன் கழிவாலேயே குருத்தின் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மருந்து அதைத் தொடுவதே கடினம், தொட்டாலும் சாவது கடினம். ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை அடித்தபோது பெரும்பகுதி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்தது. புழு குறைந்த மாதிரித் தெரிந்தது அதனால்தான். நவம்பர் 5, 6இல் அவை பூச்சியாகி, 9 வாக்கில் முட்டையிட்டு, 12இல் பொரித்து, நீங்கள் கார்த்திகை பிறந்ததும் பார்த்த புது ஓட்டைகளைப் போட்டன. மருந்து போலி என்றோ புழு மருந்துக்குப் பழகிவிட்டது என்றோ இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அந்தப் பழக்கமும் வந்துசேரும், அது வேறு விஷயம்.

அடுத்தது மழை. வெப்பம் பூச்சியின் வேகத்தை முடிவு செய்கிறது, மழை அதில் எத்தனை பிழைக்கும் என்பதை முடிவு செய்கிறது. பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் புழு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். இலையின் மேல் ஊர்ந்து, நூல் விட்டுத் தொங்கி, காற்றில் அடுத்த செடிக்குப் போய், குருத்தைத் தேடும் நேரம் அது. அப்போது அரை மணி நேரம் அடித்துப் பெய்யும் மழை அவற்றைக் கழுவித் தரையில் சேர்த்துவிடும். குருத்துக்குள் போய்விட்டாலும், குருத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் அளவுக்குப் பெய்தால் சின்னப் புழுக்கள் மூச்சுத் திணறிச் சாகும். பெரிய புழு தப்பிவிடும். கூட்டுப்புழு மண்ணில் இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். கரிசலில் தண்ணீர் நாள்கணக்கில் கட்டி நின்றால் அதிலும் ஒரு பங்கு அழியும். போன வருஷம் உங்களுக்கு நடந்தது இதுதான். விட்டுவிட்டு வந்த மழை ஒவ்வொரு முறையும் இளம்புழுவைக் கழித்துக்கொண்டே வந்தது, செடியும் ஈரம் குறையாமல் வளர்ந்து முந்திக்கொண்டது.

எல்லா மழையும் இப்படி உதவாது. தூறலும் மூட்டமும் மட்டும் நான்கைந்து நாள் நீடித்தால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வெயில் இல்லாமல் அது சுகமாகத் தின்னும், நமக்கோ மருந்தடிக்கவும் முடியாது. அதே ஈரமூட்டம் பத்து நாளுக்கு மேல் போனால் இன்னொரு நன்மை வரலாம். மெட்டாரைசியம் ரைலியை என்ற பூஞ்சாணம் புழுக்களில் நோயாகப் பரவும். இலையில் ஒட்டிக்கொண்டு, முதலில் வெள்ளையாகவும் பிறகு வெளிர்பச்சை மாவு படிந்ததாகவும் விறைத்துச் செத்த புழுக்களைப் பார்த்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் காட்டில் பூஞ்சாணக்கொல்லி அடித்துவிடாதீர்கள். புழு மருந்தையும் ஒரு வாரம் தள்ளிப்போட்டு, எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிக மோசமானது நல்ல மழைக்குப் பின் வரும் நீண்ட மழை ஓய்வு. மழையில் பயிர் தளதளவென்று எழும்பியிருக்கும், அதைத் தேடித்தான் தாய்ப்பூச்சி வரும். பிறகு மழை நின்றதும் இளம்புழுவைக் கழுவ ஒன்றுமில்லை. நாள் போகப்போகச் செடியும் ஈரம் குறைந்து, புது இலை தள்ளும் வேகத்தை இழந்துவிடும். தின்பது கூடி, வளர்வது குறைகிறது. சேதத்தின் அளவை இந்த இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. உங்களுக்கு அந்த இரண்டு வாரமும் பக்கத்துக் காட்டுப் பூச்சி பறந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. மழை ஓய்வுக்கு முன் யூரியாவைச் சற்று தாராளமாகப் போட்டிருந்தால் தாய்ப்பூச்சிக்கு அது இன்னும் விருப்பமான காடு. தழைச்சத்தைப் பிரித்து, ஈரம் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

பூச்சி முதன்முதலாக வந்த 2018ஐப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான இது 2016இல் ஆப்பிரிக்காவில் தெரிந்தது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமோகா பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, சில மாதங்களுக்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்குள் இறங்கிவிட்டது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் சராசரியைவிடக் குறைவு. பூச்சி புதிது, அதைத் தின்னும் இயற்கை எதிரிகள் இன்னும் பழகவில்லை, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, மழையும் கைவிட்டது. அந்த அளவு அழிவை ஒவ்வொரு ஆண்டும் எதிர்பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது நம்மூரை விட்டுப் போகவும் போகாது. அமெரிக்காவில் உறைபனி இதன் கணக்கை ஆண்டுதோறும் முடித்துவிடுகிறது. தெற்கு ஃபுளோரிடா, தெற்கு டெக்சஸ் போன்ற சூடான பகுதிகளில் மட்டும் பிழைத்து, அங்கிருந்து ஒவ்வொரு கோடையிலும் காற்றோடு வடக்கே கனடா வரை பறக்கிறது. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் போகக்கூடியது. குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் பழக்கம் இதற்கு இல்லை. பெரம்பலூரின் மார்கழிக் குளிர் இதைக் கொல்லப் போதாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பச்சை மக்காச்சோளமோ தீவனச்சோளமோ எங்காவது ஒரு மூலையில் இருந்தால் ஆண்டு முழுவதும் தொடரும்.

வானிலை அறிக்கையிலிருந்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று கேட்டீர்கள். பருவம் தொடங்குமுன் "இந்த ஆண்டு புழு அதிகம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் கூடும், அது குளிரும் லா நினாவில் குறையும் என்ற போக்கு உண்டு. ஆனால் லா நினா நிலவிய 2021இல் தமிழ்நாட்டில் பெருமழை கொட்டியது. தவிரவும், பருவத்தின் மொத்த மழை உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. 400 மில்லிமீட்டர் பத்து மழையாக வந்ததா, நாலு மழையாக வந்து நடுவில் இருபது நாள் காய்ந்ததா என்பதே விஷயம். ஆனால் அடுத்த ஐந்து நாள், பத்து நாளுக்கு நன்றாகவே சொல்ல முடியும், நமக்கு அது போதும். இந்திய வானிலைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து செவ்வாயும் வெள்ளியும் வெளியிடும் வேளாண் வானிலை அறிவிக்கையில் ஐந்து நாளுக்கான மழை, உச்ச வெப்பம், குறைந்த வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாம் இருக்கும். மேகதூத் செயலியில் மாவட்டத்தைத் தேர்ந்தால் தமிழிலேயே கிடைக்கும்.

அதில் நீங்கள் பார்க்க வேண்டியது இப்படி. பயிர் முளைத்து 5 முதல் 30 நாளுக்குள் இருக்கிறது, நல்ல மழை பெய்து ஓய்ந்திருக்கிறது, அடுத்த ஐந்து நாளும் மழை இல்லை என்று போட்டிருக்கிறது என்றால், மழை விட்ட நாளை ஒன்று என்று வைத்து எண்ணத் தொடங்குங்கள். மழையில் ஒடுங்கியிருந்த பூச்சிகள் ஓய்ந்த இரவுகளில் பறந்து முட்டையிடும். மூன்றாம் நாள் இலையின் அடியில், சாம்பல் நிறப் பஞ்சு போர்த்திய முட்டைக் குவியல்களைத் தேடுங்கள். கண்ணில் பட்டதைக் கையால் நசுக்கிவிடலாம். ஆறாம் ஏழாம் நாள் இலையில் பச்சை சுரண்டப்பட்டு, கண்ணாடித்தாள் மாதிரி வெள்ளைச் சவ்வாகத் தெரியும். மருந்துக்கு உகந்த நேரம் அப்போது தொடங்குகிறது. பொரித்ததிலிருந்து ஏறக்குறைய ஆறு நாள், குளிர் நாட்களில் ஏழெட்டு நாள், அதற்குள் புழு சிறியதாகவே இருக்கும். வட்டமும் நீளமுமாகப் பெரிய ஓட்டைகளும் குருத்தில் மரத்தூளும் தெரியும்போது அந்த நேரம் கடந்துவிட்டது. ஒரு புழு மொத்தமாகத் தின்னும் இலையில் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு வளர்ச்சிப் பருவங்களில்தான் தின்கிறது. அதனால்தான் "நேற்று வரை ஒன்றுமில்லை, ஒரே ராத்திரியில் தின்றுவிட்டது" என்று தோன்றுகிறது.

மாவட்ட அறிக்கையில் மழை என்று போட்டு உங்கள் காட்டில் பெய்யாமல் போவது சகஜம். நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவைத் திறந்த இடத்தில் கம்பத்தில் கட்டி, தினமும் காலை 8:30க்கு உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறதோ அதுவே மழையளவு. அடித்துப் பெய்ததா, சாரலா என்பதையும் ஒரு வார்த்தையில் குறியுங்கள், புழுவுக்கு அதுதான் முக்கியம்.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து, விதைத்த வாரமே வையுங்கள். பயிரின் உச்சிக்குச் சமமாகப் பொறி இருக்க வேண்டும், பயிர் உயர உயர ஏற்றுங்கள். கவர்ச்சிக் குப்பியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெயில் காலத்தில் மூன்று வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. மழை இரவிலும் பலத்த காற்றிலும் பூச்சி பறக்காது, பொறி காலியாக இருக்கும். பூச்சி இல்லை என்று அதற்குப் பொருளில்லை. மழை விட்ட பிறகு இரண்டு இரவுக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பொறியில் விழுவது ஆண் பூச்சி மட்டும். முன்சிறகின் நுனியில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள், வேறு இன அந்துப்பூச்சிகளும் சில நேரம் விழும். விளக்குப்பொறி வைத்தால் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எண்ணிக்கை குறைந்துதான் காட்டும்.

பொறி எச்சரிக்கும், மருந்தடிக்கலாமா என்பதைச் செடியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காட்டில் டபிள்யூ எழுத்துப் போல நடந்து, ஐந்து இடத்தில் பத்துப் பத்து செடியாக ஐம்பது செடி பாருங்கள். இளம்பயிரில் நூற்றுக்கு ஐந்து, குருத்து எழும்பும் பருவத்தில் நூற்றுக்கு பத்து, முற்றிய குருத்தில் நூற்றுக்கு இருபது செடிகளில் புதுச் சேதம் இருந்தால் மருந்து தேவை. புழுவைக் கையில் எடுத்தால் தலையில் தலைகீழ் ஒய் குறியும், பின்பகுதியில் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருக்க வேண்டும்.

முதல் தெளிப்பு, 15 முதல் 20 நாளில், சவ்வுச் சேதம் மட்டும் தெரியும் கட்டத்தில் வேப்பெண்ணெய் சார்ந்த அசாடிராக்டின் 1500 பிபிஎம், லிட்டருக்கு 5 மில்லி போதும். சேதம் அளவைத் தாண்டினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி லிட்டருக்கு 0.4 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம். அடுத்த தலைமுறைக்கு மருந்தை மாற்றுங்கள். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி லிட்டருக்கு 0.4 மில்லி, அல்லது ஸ்பினெடோரம் லிட்டருக்கு 0.5 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே இறங்கும்படி அடிக்க வேண்டும். புழு அந்தியிலும் இரவிலும்தான் வெளியே வந்து தின்னும், ஆகவே மாலையில் அடிப்பது நல்லது. மாலை மழை வரும் நாட்களில் அதிகாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் துளி குருத்தில் இறங்குமுன் காய்ந்துவிடும். உயிரியல் மருந்துகளுக்கு இது இன்னும் கண்டிப்பு. புழுவுக்கு நோய் தரும் என்பிவி வைரஸ் வெயிலில் செயலிழக்கும், மெட்டாரைசியம் பூஞ்சாணத்துக்குக் காற்றில் ஈரம் வேண்டும். மழை ஓய்வின் உச்சத்தில் பூஞ்சாணம் அடித்துப் பணத்தை வீணாக்க வேண்டாம், மூட்டமான ஈர வாரத்தில் அடித்தால் பலன் தரும். முட்டை ஒட்டுண்ணி டிரைக்கோகிரம்மா அட்டைகளும் அடைமழையிலும் கடும் வெயிலிலும் தோற்கும். அவற்றைக் கட்டிய ஒரு வாரத்துக்கு வீரிய மருந்து கூடாது.

பெரிய புழு ஏற்கெனவே குருத்தில் உட்கார்ந்துவிட்டால் தெளிப்பைவிட நச்சு உணவு மேல். ஏக்கருக்கு 10 கிலோ அரிசித் தவிடு, 2 கிலோ வெல்லம், இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் பிசைந்து 24 மணி நேரம் புளிக்கவிடுங்கள். போடுவதற்கு அரை மணி முன் 100 கிராம் தயோடிகார்ப் கலந்து, சிறு உருண்டையாகக் குருத்துக்குள் போட வேண்டும். கையுறை கட்டாயம். ஆடு மாடு அந்தக் காட்டுப் பக்கமே போகக்கூடாது.

இப்போது உங்கள் பயிருக்கு ஐம்பது நாளைத் தாண்டிவிட்டது, ஆண்பூ வரும் நேரம். பூங்கொத்து விரிந்ததும் புழுவுக்குக் குருத்தில் மறைவிடம் இல்லாமல் போகும், கீழே இறங்கிக் கதிரின் பட்டுநூல் வழியாக உள்ளே நுழையும். அந்த இடைவெளி சில நாள்தான். நூறு கதிரில் பத்துக்கு மேல் புழு நுழைந்திருந்தால் மட்டும், ஸ்பினெடோரத்தைக் கதிரும் அதை ஒட்டிய இலைகளும் நனையும்படி மாலையில் அடியுங்கள். மகரந்தத்துக்குத் தேனீ வருவது காலையில், அதனாலும் மாலைதான் சரி. பயிர் தலைக்கு மேல் நிற்கும்போது அடித்த மருந்து அடிப்பவர் முகத்திலேயே விழும். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். சேதம் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் அடிக்காமல் விடுவதே லாபம். தட்டையை மாட்டுக்குப் போடுவீர்கள் என்றால் மருந்து அட்டையில் உள்ள காத்திருப்பு நாட்களைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு மிக முக்கியமான ஏற்பாடு ஊரோடு பேசுவது. ஒரே சுற்றுவட்டாரத்தில் பத்து நாளுக்குள் விதைப்பு முடிந்தால், முதல் காட்டின் பூச்சி வெளிவரும்போது எல்லாப் பயிரும் இருபது நாளைத் தாண்டியிருக்கும். ஒரு தலைமுறைக்கு 25 நாள் என்ற கணக்கு அப்போது நமக்குச் சாதகமாகிவிடும். கோடை மழை ஈரத்தில் ஆழ உழுதால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் பறவைகளிடமும் போகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். விதைப்பையில் சயான்ட்ரானிலிப்ரோலும் தயாமீதாக்சமும் சேர்ந்த மருந்தால் நேர்த்தி செய்ததா என்று பாருங்கள், இல்லையென்றால் கிலோவுக்கு 4 மில்லி. அது முதல் இரண்டு மூன்று வாரம் காக்கும். ஆனால் வேர் ஈரத்தோடு உறிஞ்சினால்தான் இலைக்குப் போகும், காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு அதை நம்ப முடியாது. மானாவாரியில் ஓரத்தில் மூன்று வரிசை தீவனச்சோளம், இறவையில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும்.

வருங்காலத்தில் வெயில் கூடினால் என்ன ஆகும் என்ற கவலை இதோடு சேர்ந்தே வரும். சராசரி 28லிருந்து 29 ஆனால் ஒரு தலைமுறைக்கு ஒன்றரை நாள் மிச்சம், பருவத்துக்குள் அது பெரிய வித்தியாசமில்லை. சித்திரை, வைகாசியில் ஏற்கெனவே அதன் வசதியான வெப்பத்தை நம் பகுதி தாண்டிவிடுகிறது, அங்கே கூடும் சூடு முட்டைக்கும் பூச்சிக்கும் கெடுதலாகவும் ஆகலாம். மார்கழி, தை இரவுகள் சூடாவதும், மழை சில நாட்களில் கொட்டிவிட்டு நீண்ட ஓய்வு விடுவதும்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. இந்தப் புழு பெருக ஏற்ற மழை அதுதான்.

மாசி மக்காச்சோளம் பற்றி. இந்த ஆண்டு வேண்டாம். உங்கள் அறுவடை தை பிறந்ததும் முடியும், மண்ணில் மிஞ்சும் கூட்டுப்புழு தை முடிவுக்குள் பூச்சியாகும். பின்னால் விதைத்த காடுகளிலிருந்து மாசியிலும் பூச்சி வந்துகொண்டிருக்கும். அப்போது சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, உங்கள் ஒரு ஏக்கர் மட்டும் தண்ணீரோடு பச்சையாக நின்றால் அத்தனையும் அங்கேதான் வரும். மாசியிலிருந்து வைகாசி வரையிலான சூட்டில் நான்கு தலைமுறை வளர்ந்து ஆடி, ஆவணி விதைப்புக்குத் தயாராகிவிடும். அந்த ஏக்கரில் எள்ளோ உளுந்தோ போடுங்கள். மாட்டுக்குப் பசுந்தீவனம் வேண்டுமென்று நினைத்திருந்தால் தட்டைப்பயறும் வேலிமசாலும் கலந்து போடலாம். மக்காச்சோளம் போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் கதிருக்கு விடாமல் தீவனத்துக்காகப் போட்டு, 45ஆம் நாள் மொத்தமாக அறுத்து, அன்றே கட்டையை உழுதுவிடுங்கள்.